நூத்தியாறு கிலோவும் ரெண்டு சக்கரமும்

சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் கலர் பார்ப்பார்கள். கம்பெனி பார்ப்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் கியர் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பார்கள். நான் பார்த்தது கிலோ. சைக்கிளோட கிலோ இல்லை சார்... என் கிலோ!

106. காலையில் வெறும் வயிற்றில், செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சை முழுசாக வெளியே விட்டபடி பார்த்தால் வரும் கணக்கு இது. (மூச்சை விட்டால் எடை குறையாது என்று என் பெண் சொல்கிறாள். அவள் சயன்ஸ் குரூப்.)

இந்த உடம்போடு நாற்பத்தாறு வயதில் சைக்கிள் எதற்கு? மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை இருக்கிறதே, அதில் எனக்கு 6.2 வந்தது. 5.7-க்குக் கீழே என்றால் நிம்மதி. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை வியாதி. நான் நடுவில், மதில் மேல் பூனை. "தினம் அரை மணி நேரம் உடம்பு அசையணும், இல்லேன்னா அடுத்த வருஷம் மாத்திரை" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சர்க்கரையால் அப்பாவுக்குக் கால் விரல்கள் ஒவ்வொன்றாகப் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். மறுபேச்சு பேசவில்லை.

நடக்கலாமே என்பீர்கள். முழங்கால் கேட்க மாட்டேன் என்கிறது. நடையில் மொத்த பாரமும் காலில்தான் இறங்குகிறது. சைக்கிளில் பெரும்பகுதியை சீட்டும் ஹேண்டில்பாரும் வாங்கிக்கொள்ளும். காலுக்கு மிதிக்கிற வேலை மட்டும்தான். ஈ.சி.ஜி., பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டு, "தாராளமா ஓட்டுங்க, ஆனா மூச்சு வாங்காம பேசிக்கிட்டே ஓட்டற வேகத்துல ஓட்டுங்க" என்று டாக்டர் உத்தரவு கொடுத்தார். பேசிக்கொண்டே ஓட்டச் சொன்னால் எனக்குக் கசக்குமா?

வீடு மேற்கு மாம்பலம். ஆபீஸ் நுங்கம்பாக்கம். நாலு கிலோமீட்டர் சொச்சம். சைக்கிளுக்கென்றே அளந்து வைத்த தூரம். நடுவில் ஒரே ஒரு இமயமலை: துரைசாமி சப்வே. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெரிய ஷோரூம் ஒன்றுக்குப் போனேன். வாசலில் நின்ற பையன் என்னை மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பையனுக்கா சார்?" என்றான். "எனக்குத்தான்" என்றேன். அவன் முகத்தில் ஒரு விநாடி ஓடிய கவலை என்னைப் பற்றியதல்ல, சைக்கிளைப் பற்றியது. நேராக ஒரு வண்டியிடம் அழைத்துப் போனான். முன்னால் ஸ்பிரிங், நடுவில் ஸ்பிரிங், லாரி டயர் மாதிரி டயர். "உங்க பாடிக்கு இதான் சார் கரெக்ட். டபுள் சஸ்பென்ஷன். சும்மா சோஃபால உக்காந்த மாதிரி இருக்கும்."

இங்கேதான் கனமான ஆசாமிகள் உஷாராக இருக்க வேண்டும். பார்க்க முரட்டுத்தனமாக இருந்தால் பலமானது என்று நினைப்பது நம் வழக்கம். சைக்கிள் விஷயத்தில் அது செல்லாது. விலை குறைந்த வண்டிகளில் வரும் ஸ்பிரிங் நடுத்தர எடைக்காரரை மனதில் வைத்துப் போட்டது. நூறு கிலோவுக்கு மேல் ஏறி உட்கார்ந்தால் அது பாதி இறங்கி, அப்படியே படுத்துவிடும். அப்புறம் பள்ளத்தில் விழுந்தால் அமுங்க இடமில்லாமல் 'டக்'கென்று முட்டும். அதோடு ஒவ்வொரு மிதிக்கும் ஸ்பிரிங் மேலும் கீழும் ஆடும். நான் செலவழிக்கிற தெம்பில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகாமல் ஸ்பிரிங்குக்கு உடற்பயிற்சி கொடுக்கப் போய்விடும். உடற்பயிற்சி தேவைப்படுவது எனக்கா, அதற்கா?

"எத்தனை கிலோ தாங்கும்?" என்று கேட்டேன்.

"எவ்ளோ வேணா தாங்கும் சார்!"

இந்த பதிலைச் சொல்லும் கடையில் எதையும் வாங்காதீர்கள். நல்ல கம்பெனி சைக்கிள் என்றால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வரும். அதில் அதிகபட்ச எடை போட்டிருப்பான். 100 என்றிருக்கும், 110 என்றிருக்கும், 120 என்றிருக்கும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சிலர் போடுவது ஓட்டுபவரின் எடை. சிலர் போடுவது ஓட்டுபவர், மூட்டை, சைக்கிள் எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கு. என் கணக்கைப் பாருங்கள்: நான் 106, சைக்கிள் 16, டிபன் காரியரும் தண்ணீர் பாட்டிலுமாக ஆபீஸ் பை 4. மொத்தம் 126. '120' என்று போட்ட வண்டியில் நான் தாராளமாக உட்காரலாமா, கூடாதா என்பது அந்த ஒரு வரியை எப்படிப் படிக்கிறோம் என்பதில் இருக்கிறது. பையனிடம் அந்தப் புத்தகத்தைக் கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டு, "ஸ்டாக் இல்ல சார்" என்றான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். "எதுக்கு இத்தனை ஆராய்ச்சி? எங்க ஊர்ல பால்காரர் ரெண்டு பக்கமும் கேன் கட்டிக்கிட்டு அந்தக் காலத்து சைக்கிள்ல போவாரே, அது உடைஞ்சா போச்சு?" என்றாள் மனைவி.

யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சமையல் காஸ் சிலிண்டர் நிரம்பியிருந்தால் ஒன்று சுமார் முப்பது கிலோ. அதைப் பின்னால் ஒன்றும் பக்கவாட்டில் ரெண்டுமாகக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போகிறவர்களை நாம் பார்த்ததில்லையா? ஓட்டுகிறவரையும் சேர்த்தால் என் எடையைத் தாண்டிவிடும். இளநீர்க் குலைகளை மலை மாதிரி அடுக்கிக்கொண்டு போகும் சைக்கிள் முன்னால் நான் எம்மாத்திரம்?

ரகசியம் சக்கரத்தில் இருக்கிறது. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் தெருக்கோடி சைக்கிள் கடை பாய். "சார், பிரேம் உடைஞ்சு எவனும் நம்ம கடைக்கு வந்ததில்ல. போக்ஸ் கம்பி உடைஞ்சுதான் வருவான்" என்றார். பழைய மாடல் கறுப்பு சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40 கம்பி. பின் சக்கரத்துக்கு மட்டும் ஏன் கூடுதல்? ஏனென்றால் நாம் உட்காருவது அதன் மேல்தான். அந்தக் காலத்து இங்கிலீஷ்காரன் போட்ட கணக்கு. 1949-ல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பித்த காலத்திலிருந்து நம் ஊர்க் கேரியர்கள் சுமந்த சுமையையெல்லாம் அந்த எட்டுக் கம்பிகள்தான் கூட நின்று தாங்கியிருக்கின்றன. இன்றைக்கு ஸ்டைலாக வரும் வண்டிகள் சிலவற்றில் பின்னால் 28 கம்பிதான். காற்றைக் கிழித்துக்கொண்டு போக அது சரி. என்னைத் தூக்கிக்கொண்டு போக?

கம்பி திடீரென்று பாரம் தாங்காமல் உடைவதில்லை என்பதும் பாய் சொல்லித் தெரிந்ததுதான். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒவ்வொரு கம்பியும் தரைப்பக்கம் வரும்போது தளர்ந்து, மேலே போகும்போது மறுபடி இறுகும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை. எல்லாக் கம்பியும் ஒரே பதத்தில் இறுகியிருந்தால் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். நாலு கம்பி லூசாக இருந்தால் மிச்சக் கம்பிகள் தலையில் விழும். ஒரு நாள் கழுத்து வளைவில் 'டிங்' என்று ஒரு சத்தம். (கூட்டுக் குடும்பம் மாதிரிதான். சம்பாதிக்கிற நாலு பேரில் ஒருத்தர் கையை விரித்தால் மற்றவர் கழுத்துக்குத்தான் வரும்.)

சரி, அப்படியானால் கறுப்பு சைக்கிளே வாங்கிவிடலாமா? எனக்கு அதில் பாதி மனசு இருந்தது. நிமிர்ந்து உட்காரலாம், வயிறு தொடையில் இடிக்காது. செயினுக்குக் கவர் உண்டு, பேன்ட் கிழியாது. ஆனால் ரெண்டு விஷயம் உதைத்தது. ஒன்று பிரேக். கம்பி இழுத்து ரிம்மில் ரப்பர் அழுத்தும் பழைய பிரேக், பளபளா இரும்பு ரிம்மில் மழை நாளில் வழுக்கும். கனமான ஆள் வேகமாக வந்தால் நிறுத்துவதற்கும் அதிக தூரம் வேண்டும். அறுபது கிலோக்காரர் தப்பித்துவிடும் இடத்தில் நான் ஆட்டோவின் பின்பக்க வாசகத்தை மிக நெருக்கத்தில் படித்துக்கொண்டிருப்பேன். அலுமினிய ரிம்மும் அதற்கேற்ற கேபிள் பிரேக்குமோ, டிஸ்க் பிரேக்கோ இருந்தால் ஈரத்திலும் பிடிக்கும்.

இன்னொன்று, முன்னே சொன்ன இமயமலை. சப்வேயில் இறங்குவது ஜோர். ஏறுவது? கறுப்பு சைக்கிளில் ஒரே கியர். முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை மிதித்தால் சக்கரம் ஏறக்குறைய ரெண்டரை சுற்று சுற்றியாக வேண்டும். சமதளத்தில் சுகம். 126 கிலோவை மேட்டில் ஏற்றும்போது முழங்கால் 'அம்மா' என்னும். கியர் வண்டியில் முன்னால் 28 பல், பின்னால் 28 பல் என்று மாற்றிக்கொண்டால் ஒரு மிதிக்கு ஒரே சுற்று. மெதுவாகத்தான் போகும். பக்கத்தில் நடக்கிறவர் நம்மை முந்திக்கொண்டு திரும்பிப் பார்ப்பார். பார்க்கட்டுமே! முட்டி பிழைத்தால் போதும். கியர் என்பது வேகமாகப் போக என்றுதான் ரொம்ப பேர் நினைக்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அது மெதுவாகப் போகத்தான். கஷ்டப்பட்டு அழுத்தி மிதிப்பதைவிட லேசான கியரில் சளசளவென்று மிதிப்பது முட்டிக்கும் நல்லது, கம்பிக்கும் நல்லது.

ஆனால் 21 கியர் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். மெட்ராஸ் தரைக்குப் பின்னால் ஏழெட்டு பல்சக்கரம் இருந்தால் ஏதேஷ்டம். மற்றதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொள்ள. கடையில் கேட்க வேண்டியது வேறு கேள்வி: பின் சக்கர அச்சு எந்த மாதிரி? விலை குறைந்த கியர் வண்டிகளில் பல்சக்கரக் கொத்தை மரையில் முறுக்கியிருப்பான். அதில் அச்சைத் தாங்கும் பால்ரஸ் குண்டுகள் கொத்துக்கு உள்பக்கம் தள்ளி இருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அச்சு, கனமான ஆள் பள்ளத்தில் இறங்கி இறங்கி நாளடைவில் வளைந்துவிடும். 'கேசட்' என்று சொல்லும் இன்னொரு வகையில் குண்டுகள் ஓரத்துக்கே வந்துவிடுவதால் அச்சுக்கு முட்டுக் கொடுத்த மாதிரி. நூறு கிலோவைத் தாண்டியவர்கள் காசு கொஞ்சம் அதிகமானாலும் இதைக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

இதற்கு நடுவே லேடீஸ் சைக்கிள் பிரச்னை ஒன்று கிளம்பியது. நடுவில் பார் இருக்கும் வண்டியில் காலைப் பின்னால் சுழற்றிப் போட்டு ஏறுவது என் வயதில் ஒரு சர்க்கஸ். சிக்னலில் சட்டென்று இறங்குவது அதைவிடப் பெரிய சர்க்கஸ். பார் இல்லாத வண்டி என்றால் கோயில் படி தாண்டுவது மாதிரி தாண்டி உட்காரலாம். "அய்யய்யோ அப்பா, ஆபீஸ்ல சிரிப்பாங்க" என்றாள் பெண்.

1990களின் ஆரம்பத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படிக்க வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை என்றதும் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். முன் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம், அதுவும் வசதிதான் என்று சொல்லிவிட்டார்கள். கேலி பேசிய ஊர் கொஞ்ச நாளில் வாயை மூடிக்கொண்டது. அந்தப் பெண்கள் சேலையோடு பாரைத் தாண்டியிருக்கும்போது நான் பார் இல்லாத சைக்கிளில் போவதற்கு வெட்கப்படுவதா? இருந்தாலும் கடைசியில் நான் அதை எடுக்கவில்லை. காரணம் வெட்கமில்லை, இரும்புக் கணக்கு. மேல் பாரோடு முக்கோணமாக இருக்கும் பிரேம்தான் கனத்துக்கு முறுக்கிக்கொள்ளாமல் நிற்கும். ரெண்டுக்கும் நடுவே, மேல் பார் பின்பக்கம் சரிந்து இறங்கும் மாடல் ஒன்று இருக்கிறது. அது எனக்குத் தோதாக இருந்தது.

ஆக, நான் எடுத்தது இதுதான்: ஸ்பிரிங் இல்லாத முன் ஃபோர்க், சரிந்த பார், பின்னால் எட்டுக் கியர் கேசட், நல்ல அகலமான டயர். புத்தகத்தில் 'ஓட்டுபவர் எடை 120' என்று தெளிவாக அச்சடித்திருந்தது. (கண்ணாடி போட்டுக்கொண்டு ரெண்டு தடவை படித்தேன்.) பின் சக்கரத்தில் 32 கம்பிதான் இருந்தது. பாய் அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இப்ப ஓட்டுங்க சார். ஒரு கம்பி போச்சுன்னா மாத்தித் தர்றேன். அடுத்தடுத்து ரெண்டு, மூணு போச்சுன்னா 36 ஓட்டை ஹப்பு, ரிம்மு வாங்கிட்டு வாங்க. நானே புதுசா கட்டித் தர்றேன்."

சாமான்களில் நான் முதலில் மாற்றியது பெடல். வண்டியோடு வந்தது பிளாஸ்டிக். நின்றுகொண்டு மிதிக்கும்போது மொத்த உடம்பும் அந்த உள்ளங்கையளவு தகட்டில்தான் நிற்கிறது. அது உடைந்தால் நாம் விழுவது எங்கே என்று குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. அலுமினியப் பெடல் போட்டேன்.

அடுத்தது சீட். பஞ்சு மெத்தை மாதிரி ஜெல் வைத்த சீட்டைப் பார்த்தாலே உட்காரத் தோன்றும். பத்து நிமிஷம் சொர்க்கம். அப்புறம் ஜெல் அமுங்கி, அமுங்கக்கூடாத இடமெல்லாம் அழுத்தி, மரத்துப் போகும். உட்காரும்போது நம் பாரத்தைத் தாங்குவது சதை இல்லை, ரெண்டு எலும்பு. அந்த ரெண்டு எலும்பும் விளிம்பில் தொங்காமல் உட்காரும் அளவுக்கு அகலம், சுமாரான கெட்டித்தனம்... இது ரெண்டும்தான் சீட்டுக்கு லட்சணம். முதல் ஒரு வாரம் எந்த சீட்டும் வலிக்கத்தான் செய்யும். பழகிவிடும். உயரத்துக்குச் சுலபமான கணக்கு: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும், பிறகு முன் பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும். பயமாக இருந்தால் ஆரம்பத்தில் ரெண்டு விரற்கடை இறக்கி வைத்துக்கொண்டு பிறகு ஏற்றலாம். ஏற்றும்போது சீட்டுக் கம்பியில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியவே கூடாது. நம் எடைக்கு அது லட்சுமணன் கோடு.

காற்று விஷயத்துக்கு வருவோம். டயரின் பக்கவாட்டிலேயே எத்தனை பி.எஸ்.ஐ. வரை அடிக்கலாம் என்று எழுதியிருக்கும். கனமானவர்கள் அந்த மேல் எல்லையை ஒட்டியே, முன்னைவிடப் பின்னால் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். காற்று குறைந்தால் பள்ளத்தில் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு ஓட்டை விழும். பாம்பு கடித்த மாதிரி இருக்கும். பஞ்சர் பார்க்கிறவர், "முள்ளு ஒண்ணும் இல்லையே சார்" என்று தலையைச் சொறிவார். மீட்டர் வைத்த கைப்பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது ஆயுள் காப்பீடு மாதிரி.

ஹெல்மெட்டுக்கு நம் எடை ஒரு பொருட்டல்ல, மண்டை சுற்றளவுதான். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, மட்கார்டு, கேரியர், மணி. முதுகில் பை மாட்டுவதைவிடக் கேரியரில் கட்டுவது நல்லது, முதுகு வேர்க்காது. மெத்தை வைத்த சைக்கிள் டவுசர் ஒன்றும் காட்டினார்கள். என் சைஸ் வரவழைக்க வேண்டுமாம். நாலு கிலோமீட்டருக்கு அது தேவையில்லை. கனமான தையல் நடுவில் வரும் ஜீன்ஸைத் தவிர்த்துவிட்டு, தொடை உரசும் இடத்தில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டால் காரியம் முடிந்தது. ஆபீஸில் ஒரு சட்டை வைத்திருக்கிறேன். போனதும் மாற்றிக்கொள்வேன்.

மூணு வாரமாகிறது. சப்வே மேட்டை முதல் கியரில், இறங்காமல் ஏறிவிடுகிறேன். பாதி மேட்டில் ஒரு ஷேர் ஆட்டோவே வழிவிட்டது, பரிதாபப்பட்டோ மரியாதைக்கோ! மழை பெய்தால் சப்வேயில் தண்ணீர் நிற்கும். அன்றைக்கு மட்டும் பஸ். சர்க்கரைக்கு அடுத்த பரிசோதனை மூன்று மாதம் முடிந்த பிறகுதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதற்கு முன்னால் எடுத்தால் அர்த்தமில்லையாம். தராசு மட்டும் 104.5 காட்டுகிறது.

புது வண்டியில் கம்பிகள் முதல் சில வாரங்களில் இடம் பார்த்து உட்கார்ந்து கொஞ்சம் தளரும் என்பதால் மாதம் முடிவதற்குள் ஒரு தடவை கோட்டம் எடுத்துவிட வேண்டும். நேற்று பாய் கடையில் விட்டேன். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பின் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். மாம்பலத்தில் மார்கழிக் கச்சேரியில்கூட அப்படி ஒரு கவனத்தோடு சுருதி சேர்த்து நான் பார்த்ததில்லை. ஏழெட்டு கம்பிக்கு அரைத் திருகு வைத்தார்.

"எவ்வளவு பாய்?"

"அம்பது ரூபா கொடுங்க சார். அடுத்த மாசமும் கொண்டாங்க, பார்த்துடலாம்."